கழற்றிய பிரேக்: ஆபத்தில் இறங்கிய 15 வயது மாணவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

நான் சிங்கப்பூரில் ஒரு குடும்பச் சேவை மையத்தில் சமூக சேவையாளராக வேலை செய்கிறேன். இங்கே வரும் மாணவனும் அவனுடைய பெற்றோரும் இதை எழுத இசைவு தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்த நிகழ்வில் நான் எடுத்த முதல் முடிவு தவறானது. அந்தத் தவறைச் செய்யக்கூடிய நிலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

பையனுக்கு வயது 15. உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீட்டில் அப்பா, அம்மா, தொடக்கநிலை நான்கில் படிக்கும் தங்கை ஆகியோருடன் இருந்தான். அப்பா பாதுகாவல் அதிகாரி. இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை வேலை, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அம்மா உணவு தயாரிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறார். காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் அவரால் கண் விழித்திருக்க முடியாது.

2023 வரை அப்பாவைப் பெற்ற பாட்டியும் அந்த வீட்டில்தான் இருந்தார். கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார். கதவுத் தாழ்ப்பாள் அசைந்தாலே விழித்துக்கொள்வார். பையன் பள்ளி விட்டு வந்ததும் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் அன்றைய கதை முழுவதும் வெளியே வந்துவிடும். அந்த ஆண்டின் இறுதியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பகலில் கூட ஆள் இருக்க வேண்டும் என்பதால் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் பள்ளிக் காற்பந்துக் குழுவில் பையனுக்கு இடம் கிடைக்காமல் போனது. பிற்பகல்கள் காலியாயின, இரவில் விழித்திருக்க ஆளில்லை.

இந்த இரண்டு மாற்றங்களையும் முதல் சந்திப்பிலேயே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் ‘குடும்ப விவரம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

சைக்கிளும் அந்த இரவும்

தீபாவளிக்கு உறவினர்கள் தந்த பண உறைகளைச் சேர்த்து, பழைய சைக்கிள் ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கியிருந்தான். பின்சக்கரத்தோடு கால்மிதியும் சேர்ந்தே சுழலும் வகை அது. சக்கரம் ஓடும்வரை கால்மிதியும் ஓடும். சும்மா கால் வைத்து உருள முடியாது. பழகியவர்கள் உடல் எடையை முன்னால் தள்ளி, இரண்டு காலாலும் கால்மிதியை இறுக்கிப் பிடித்து, பின்சக்கரத்தைத் தரையில் தேய்த்து நிறுத்துவார்கள். கைப்பிரேக் இல்லாமல் அப்படி நிறுத்துவதுதான் அந்த வட்டாரத்துப் பையன்களுக்குள் பெருமை.

சைக்கிள் வாங்கும்போது கைப்பிரேக் இருந்தது. பையனே அதைக் கழற்றி, கம்பியோடு சுருட்டி, ஒரு பள்ளிக் காலுறைக்குள் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தான். அப்பாவின் விடுப்பு நாளுக்கு முந்தைய இரவு எடுத்து மாட்டுவான். மறுநாள் இரவு மறுபடியும் கழற்றுவான். மூன்று மாதம் இது நடந்திருக்கிறது.

2024 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்றரை மணிக்கு மேல், ஐந்து பையன்களில் நால்வர் பலமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் ஆறாம் தளத்துக்குச் சைக்கிளோடு ஏறினார்கள். சுற்றிச் சுற்றி இறங்கும் சரிவுப்பாதையில் ஒருவர் பின் ஒருவராகக் கீழே வருவதுதான் விளையாட்டு. ஐந்தாமவன் கீழே கைப்பேசியோடு நின்றான். நம் பையன் இரண்டாம் தளத்துக்கு வந்தபோது ஒரு கார் வெளியே திரும்பியது. அவன் சுவர்ப் பக்கமாக ஒடித்தான். கார் படவில்லை. இடது கையை ஊன்றி விழுந்தான்.

இரண்டரை நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் நீளக்கை மேலாடை போட்டுக்கொண்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலைவலி என்று சொல்லிப் படுத்தே கிடந்தான். திங்கட்கிழமை உடற்கல்வி வகுப்பில் தண்ணீர்ப் போத்தலைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டும் மூடியைத் திருகுவதை ஆசிரியர் பார்த்துவிட்டார். மருத்துவமனையில் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் மணிக்கட்டுக்கு அருகே எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளி ஆலோசகர் வழியாக அந்தக் குடும்பம் எங்களிடம் வந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

முதல் சந்திப்புக்கு அப்பா வேலை முடிந்து நேராக வந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. கோபத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் தெரிந்தது. “எலும்பு முறிந்ததைக்கூட எங்களிடம் சொல்லாத பிள்ளையை என்ன செய்வது?” என்றார். அந்தக் கேள்வியை நான் பதில் தேவைப்படாத புலம்பலாக எடுத்துக்கொண்டேன். ஆனால் பதில் தேடியிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

பையனுக்கு ஆபத்து புரியவில்லை, வீட்டில் கண்காணிப்பும் குறைவு என்று முடிவுகட்டினேன். அதற்கேற்ப நான்கு ஏற்பாடுகள் செய்தோம்: சைக்கிள் பூட்டி வைக்கப்படும், மாலை 7 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலி ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நான்கு நண்பர்களோடும் பழகக் கூடாது. இவற்றுக்கு மேல், விபத்துகளின் விளைவுகள் பற்றி நான் அவனோடு இரண்டு முறை பேசினேன். பெற்றோருக்கு உடனடியாகப் பிடிமானம் தேவைப்பட்டது. அடுத்த விழுகை தலையில் அடியாக முடிந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அந்த அச்சம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து பிறந்த திட்டம் சரியில்லை.

ஆபத்து புரியவில்லை என்ற கணிப்பு இரண்டாவது பேச்சிலேயே உடைந்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் என்னென்ன ஆபத்து என்று அவனைச் சொல்லச் சொன்னேன். மூச்சு விடாமல் அடுக்கினான். மழை பெய்த தரையில் டயர் பிடிக்காது. சங்கிலி கழன்றால் காலால் ஒன்றும் செய்ய முடியாது. வளைவுக்கு அப்பால் வரும் கார் தெரியாது. பொதுப் பாதையில் கைப்பிரேக் இல்லாத சைக்கிளை ஓட்டுவது 2021 செப்டம்பர் முதல் குற்றம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு அதிகம் தெரிந்திருந்தது. நானோ நன்றாகப் பேசுகிறான் என்று குறிப்பெழுதினேன்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் இருந்தது. மே மாதத்தின் மூன்றாம் வாரம், தன் விடுப்பு நாளில், அப்பா அந்தச் செயலியைப் பார்த்தபடி பையன் இருப்பதாகக் காட்டிய புளோக்குக்கு நடந்து போனார். பாடம் படிக்கப் போவதாகச் சொன்ன நண்பன் வீடு. கதவைத் திறந்த மூதாட்டி தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் மகனின் கைப்பேசி மின்னேற்றியில் செருகிக் கிடந்தது. மகன் அங்கே இல்லை. மாவுக்கட்டுக் கையோடு, யாரிடமோ இரவல் வாங்கிய மின்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பூங்கா இணைப்புப் பாதையில் போய்க்கொண்டிருந்தான். ஓட்டியவனுக்கும் 15 வயதுதான். மின்சைக்கிள் ஓட்ட 16 வயது நிரம்பியிருக்க வேண்டும்; 2022 முதல் அதற்கென்று ஒரு கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

அப்பா அங்கிருந்தே என்னை அழைத்தார். “வீட்டில் இருக்கிறான் என்று நம்பி மூன்று வாரம் நிம்மதியாக வேலை பார்த்தேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த நிம்மதியை அவருக்குத் தந்தவள் நான்.

மறுபடியும் கேட்டது

ஜூன் விடுமுறையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை அறிவுரை எதுவும் சொல்லாமல், அந்த மூன்று மாதத்தில் நடந்ததை நாள்வாரியாக அவனையே சொல்லவைத்தேன். நடுவில் ஒரு கேள்வி கேட்டேன்.

“அந்தச் சரிவில் தனியாக எத்தனை முறை இறங்கியிருக்கிறாய்?”

சற்று யோசித்தான். “ஒரு முறைகூட இல்லை, அக்கா.”

“தனியாகப் போகும்போது?”

“மின்தூக்கியில் இறங்குவேன். இல்லையென்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன்.”

அவனே அதை அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. அதே பையன், அதே சைக்கிள், அதே சரிவு. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

இதைப் பற்றி நன்கு அறியப்பட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005இல் வெளியிட்டது. 306 பேரைக் கணினியில் ஒரு கார் விளையாட்டு விளையாட வைத்தார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள், 18 முதல் 22 வயதுள்ளவர்கள், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் என மூன்று பிரிவு. சிலர் தனியாக விளையாடினார்கள், சிலர் ஒத்த வயதினர் பக்கத்திலிருக்க விளையாடினார்கள். பக்கத்தில் ஆள் இருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதையொட்டிப் பெரியவர்களுடையதற்குச் சமமாகிவிடுகிறது. ஆனால் பரபரப்பான நேரத்தில் தன்னைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலுக்குத் துணைநிற்கும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பரிசுக்கும் பாராட்டுக்கும் துடிக்கும் பகுதியோ பதின்ம வயதின் நடுவிலேயே உச்சத்தில் இருக்கிறது. என் அறையில் ஆபத்துகளை அடுக்கிய பையனும் ஆறாம் தளத்தில் நின்ற பையனும் வேறுபட்டுத் தெரிந்ததற்கு இதுவே காரணம். அறிவுரை அவனை என் அறையில் மட்டும்தான் எட்டியது.

அடுத்த கேள்வி அப்பா முதல் நாள் கேட்டதுதான். ஏன் சொல்லவில்லை? “சொன்னால் சைக்கிள் போய்விடும், நண்பர்களும் போய்விடுவார்கள்” என்றான். அவன் பயந்த இரண்டையும்தான் நாங்கள் செய்திருந்தோம். பாட்டி வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். “பாட்டிக்கு அன்றிரவே தெரிந்திருக்கும். கதவைத் திறக்கும்போதே எழுந்திருப்பார்.” சிறிது நேரம் கழித்து, “திட்டுவார். ஆனால் முதலில் கையைப் பார்ப்பார்” என்றான்.

சுவீடனில் ஹகான் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் வெளியிட்ட ஆய்வை நான் படிக்கும் காலத்தில் மனப்பாடமே செய்திருந்தேன். 703 பதினான்கு வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்துச் செய்தது. பிள்ளையின் அன்றாடம் பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பது பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொல்வதால்தான். துருவிக் கேட்பதாலும் கட்டுப்படுத்துவதாலும் கிடைப்பது அதைவிடக் குறைவு என்று அது காட்டியது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், அப்பாவின் கலங்கிய முகத்தைப் பார்த்ததும் செயலியை நிறுவச் சொல்லிவிட்டேன்.

மாற்றிய திட்டம்

முதல் வேலை, அவன் பேசுவதற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் மீட்பது. அப்பா ஆறே முக்கால் மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார். அம்மா நாலரைக்கே வீடு திரும்பிவிடுகிறார். ஆகவே இரவுச் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்தோம். நாள்தோறும் நால்வரும் அரை மணி நேரம். புதன்கிழமை மட்டும் பையன் பள்ளியிலிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போய்ப் பாட்டியோடு சாப்பிடுவான்.

நேரம் ஒதுக்குவது எளிது. அந்த நேரத்தில் என்ன பேசுவது என்பதுதான் கடினம். அம்மாவோடு மூன்று முறை தனியாக உட்கார்ந்து பழகிப் பார்த்தோம். நான் மகனாக நடிப்பேன். “அம்மா, இன்று ஒருவன் எனக்கு மின்சிகரெட் தந்தான்” என்பேன். முதல் முறை அவர் வாயிலிருந்து உடனே வந்தது: “யார் அவன்? அவன் அம்மா நம்பரைக் கொடு!” இரண்டாம் முறை அழுதுவிட்டார். மூன்றாம் முறை மேசையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை சொன்னாய். அப்புறம் என்ன ஆனது?” என்றார். அந்த இரண்டு வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி, அரிசி டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொண்டார். கண்டிக்க வேண்டாம் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. முழுக் கதையும் வந்த பிறகு கண்டிப்பு வரட்டும் என்பதுதான் ஏற்பாடு.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். இந்த முடிவுக்கு அப்பா இரண்டு வாரம் இணங்கவில்லை. அவர் தயக்கத்தில் நியாயம் இருந்ததால் நானும் அவசரப்படுத்தவில்லை. மாவுக்கட்டு பிரித்து, மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகு, அவர் பார்த்திருக்க மகன் காலுறையிலிருந்து கைப்பிரேக்கை எடுத்து மாட்டினான். கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் விவாதம் வந்ததாம். ஒரு மணி நேரம் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். இருப்பிடம் காட்டும் செயலியை எடுத்துவிட்டோம். இரவு பத்து மணிக்குள் வீடு என்ற வரம்பு நின்றது. அதை அவனே சொன்னான்.

நண்பர்கள் விலக்கையும் நீக்கினோம். இருவர் அதே புளோக்கில் இருப்பவர்கள். ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குபவர்களைப் பழகாதே என்று சொல்வதில் பொருளில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் மையத்தில் வேலை செய்யும் 26 வயது இளையர் ஒருவர் வாரம் இரண்டு மாலை அவர்களோடு கூடைப்பந்துத் திடலில் இருந்தார். இளைஞர் குழுவில் சற்றே மூத்த ஒருவர் உடனிருந்தாலே அவர்கள் எடுக்கும் ஆபத்து குறைகிறது என்று ஸ்டைன்பர்க் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் எங்களுக்குத் தெம்பு தந்தது. அதில் பங்கேற்றவர்கள் 18 முதல் 22 வயதுள்ள ஆண்கள். நம் பையன்கள் அவர்களைவிட இளையவர்கள் என்பதையும் மனத்தில் வைத்திருந்தோம்.

தூக்கத்தைப் பற்றியும் பேசினோம். இரவு ஒன்றரைக்குப் படுத்து ஐந்து ஐம்பதுக்கு எழுந்துகொண்டிருந்தான். அந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தேவை. இதில் பாதிதான் வெற்றி. பள்ளி நாளில் ஏழு மணி நேரத்தைத் தாண்டவில்லை.

பின்னர் நடந்தவை

செப்டம்பர் விடுமுறையில் நான்கு பையன்களையும் அந்த இளையர் பூலாவ் உபின் தீவுக்கு அழைத்துப் போனார். சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்தால் படகு புறப்படும். நானும் போனேன். கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் வாடகைச் சைக்கிள், தலைக்கவசம், இரண்டு பிரேக். வேகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்காகத்தான் அங்கே போனோம். செங்குத்தான ஓர் இறக்கத்தில் முன்னால் போனவன் நின்றான். ஏப்ரலில் சரிவில் முதலில் இறங்கியவனும் இவனே. கீழே எட்டிப் பார்த்தான், இறங்கினான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அடுத்தவர்கள் மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி நடந்தார்கள். நம் பையன் கடைசி ஆள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவன் ஆபத்திலிருந்து பின்வாங்கியதை நான் அன்றுதான் கண்டேன். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குழுவின் இழுப்பு எந்தத் திசையிலும் போகக்கூடியது.

அதே மாதத்தில், ஒரு வகுப்புத் தோழன் மின்சிகரெட்டை நீட்டியதை ஆறு மணிச் சாப்பாட்டில் அவனே சொன்னான். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம் என்பதால், வீட்டில் சொல்லப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக அஞ்சுகிறார்கள். அம்மா அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லியிருக்கிறார். “குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன்” என்று மறுநாள் எனக்குத் தகவல் அனுப்பினார்.

அக்டோபரில் தேர்வுகள் முடிந்த இரவு, பையன் மறுபடியும் அந்தச் சரிவில் இறங்கினான். கைப்பிரேக் இருந்தது, தலைக்கவசம் இல்லை. மறுநாள் மாலை அப்பாவிடம் தானே சொன்னான். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, “எந்தத் தளத்திலிருந்து?” என்று கேட்டார். இரண்டு வாரம் சைக்கிள் பூட்டப்பட்டது. பையன் அதை எதிர்க்கவில்லை. டிசம்பரில் எங்கள் கோப்பை மூடினோம்.

ஐந்தாவது பையனை எங்களால் எட்ட முடியவில்லை. ஏப்ரலில் கீழே கைப்பேசியோடு நின்றவன் அவன்தான். திடலுக்கும் வரவில்லை, உபினுக்கும் வரவில்லை. ஜூலையில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். நண்பர்களை விலக்கி வைத்த அந்த மூன்று வாரத்தில் நான் அவனைப் போய்ப் பார்த்திருக்கலாம். அப்போது அவன் தினமும் திடலில்தான் இருந்திருக்கிறான்.

அடுத்த முறை மாற்றிச் செய்யவிருப்பவை

முதல் சந்திப்பிலேயே “ஏன் செய்தாய்?” என்பதற்கு முன்பாக “யாருடன் இருந்தாய்?”, “தனியாக இருந்தால் செய்திருப்பாயா?”, “அன்றிரவே யாரிடம் சொல்லியிருக்க முடியும்?” என்று கேட்பேன். வீட்டில் அண்மையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதைக் குடும்ப விவரத்தில் புதைக்காமல் முதல் பக்கத்தில் எழுதுவேன். அச்சத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பிடிமானம் தர வேறு வழி தேடுவேன். அந்தச் செயலியை மறுபடி பரிந்துரைக்க மாட்டேன். இரவு வேலை பார்க்கும் அப்பாவைக் காலை எட்டரைக்குத் தூக்கக் கலக்கத்தோடு வரவழைக்காமல், மாலை அவர் வீட்டுக்கு நானே போவேன்.

இன்னொன்றும் உண்டு. தங்கைக்கு எல்லாம் முதல் இரவிலிருந்தே தெரியும். அண்ணனின் வீங்கிய கையில் ஈரத்துணி சுற்றியவள் அவள்தான். திங்கட்கிழமை விடியற்காலை அம்மா கிளம்பிய பிறகு, அவனுடைய பள்ளிச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான். மின்சைக்கிளைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தன்னால்தான் என்று எண்ணிக்கொண்டு மூன்று மாதம் சரியாகத் தூங்காமல் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு சந்திப்பிலும் எங்கள் மையத்தின் வரவேற்பறையில் படம் வரைந்தபடி உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியை உள்ளே அழைத்து நான் பேசியது ஜூலை மாதத்தில்தான்.